மான் புழுக்கையில் முட்டை தெரிந்தால் அந்த மான் நோயாளியா?

இளவேனில்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆய்வு மாணவி. நான்கு மாதமாகக் காட்டு மான்களின் புழுக்கையில் குடற்புழு முட்டைகளை எண்ணி வருகிறேன். எண்ண எண்ண ஒரு கேள்வி மனதை அரிக்கிறது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

வேலை இதுதான். மூன்று கிராம் புழுக்கையை நசுக்கி, கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கி, சல்லடையில் வடித்து, கோடு போட்ட எண்ணும் கண்ணாடிக்குள் விடுவேன். உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் முட்டைகள் மிதந்து போய் மேல் கண்ணாடியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடம் பொறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், மெல்லிய ஓட்டுக்குள் திராட்சைக் குலை போலச் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். முதல் தடவை பார்த்தபோது வெகுநேரம் கண்ணை எடுக்கவே முடியவில்லை. என் கலவை விகிதத்தில் கண்ணில் படும் ஒரு முட்டைக்கு, ஒரு கிராமில் 50 முட்டை என்று கணக்கு.

நேற்றைய ஐந்து மாதிரிகள்: 0, 0, 50, 0, 1200.

யாரிடம் இதைச் சொன்னாலும் "ஐயோ பாவம், அந்த 1200 மானுக்கு மருந்து கொடுக்கக் கூடாதா?" என்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மானுக்கு உடம்பு சரியில்லை என்று இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியுமா? சுழியம் காட்டிய மூன்றும் நலமாக இருக்கின்றன என்று சொல்ல முடியுமா?

மருதன்_கால்நடை

வணக்கம் தங்கச்சி. நான் கால்நடை மருத்துவர். இரண்டுக்கும் முடியாது என்பதுதான் பதில்.

முதலில் அந்த 1200. ஒட்டுண்ணிகள் எந்தக் கூட்டத்திலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான விலங்குகளிடம் கொஞ்சம், ஒரு சிலவற்றிடம் மூட்டை மூட்டையாக. கிராஃப்டன் என்ற ஆய்வாளர் 1971இல் இந்தக் குவிதலையே ஒட்டுண்ணி வாழ்க்கையின் அடையாளம் என்று எழுதினார். ஆகவே உங்கள் ஐந்து எண்களும் பிழை இல்லை, இயல்பு. அவற்றைக் கூட்டிச் சராசரி போட்டு "ஒரு மானுக்கு 250" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஐந்தில் 250 உள்ள மான் ஒன்றுகூட இல்லை.

அடுத்து, முட்டை எண்ணிக்கை வேறு, புழு எண்ணிக்கை வேறு. குடலில் புழு நெருக்கடி கூடினால் ஒவ்வொரு பெண் புழுவும் இடும் முட்டை குறையும். இளம்புழுக்கள் முட்டையே இடாது. சில இனங்களின் இளம்புழுக்கள் இரைப்பைச் சுவருக்குள் புகுந்து மாதக்கணக்கில் வளராமல் உறங்கிக் கிடக்கும். அப்போது உள்ளே ஆயிரக்கணக்கில் இருந்தாலும் உங்கள் கண்ணாடியில் சுழியம்தான்.

இன்னொன்று, உப்புக் கரைசலில் எல்லாம் மிதக்காது. ஈரல் தட்டைப்புழுவின் முட்டை கனம், அடியில் தங்கிவிடும். அதற்குப் படிய வைத்துப் பார்க்கும் முறை வேண்டும். நுரையீரல் புழுக்கள் பல முட்டையாக வெளியே வருவதில்லை, இளம்புழுவாகவே வரும். அதற்குப் புழுக்கையை வலைத்துணியில் கட்டி, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புனலில் இரவு முழுக்கத் தொங்கவிட வேண்டும். உயிருள்ள இளம்புழுக்கள் துணியிலிருந்து நெளிந்து வெளியேறிப் புனலின் கீழ்க்குழாயில் இறங்கும். பேர்மன் முறை என்பார்கள். செய்து பார்த்தீர்களா?

சிற்றோடை

நான் படிப்பவன் மட்டும், துறை வேறு. மருதன் ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் எண்ணிப் பார்ப்பதால் தெரியாது என்றால், ஒட்டுண்ணி ஒரு காட்டு விலங்குக்கு உண்மையில் கெடுதல் செய்கிறதா என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? மெலிந்த மானிடம் நிறையப் புழு இருந்தால், புழுவால் மெலிந்ததா, மெலிந்ததால் புழு பெருகியதா?

வடதிசை

சிற்றோடை கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு ஒரே வழி, புழுவை எடுத்துவிட்டு என்ன மாறுகிறது என்று பார்ப்பது. காட்டில் இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. செய்த ஆய்வுகளில் எனக்கு மிகப் பிடித்தது ஸ்வால்பார்டில் நடந்தது.

நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் தீவுக்கூட்டம் அது. அங்குள்ள துருவ மான்களை வேட்டையாட ஓநாய் கிடையாது, உணவுக்குப் போட்டியிடும் வேறு பெரிய தாவர உண்ணியும் கிடையாது. ஆகவே கணக்கு சுத்தமாக இருக்கும். அந்த மான்களின் இரைப்பையில் ஆஸ்டர்டேகியா க்ரூனெரி என்ற மெல்லிய உருளைப்புழு வாழ்கிறது. ஆல்பன் குழுவினர் ஆறு ஆண்டுகள், ஏப்ரல், மே மாதங்களில் சில பெண் மான்களைப் பிடித்துப் புழு மருந்து கொடுத்தார்கள், சிலவற்றுக்குக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு எந்த மானோடு குட்டி இருக்கிறது என்று பார்த்தார்கள். முடிவு 2002இல் வெளியானது.

மருந்து கொடுத்த மான்கள் குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைப்பதில் எந்த வித்தியாசமும் இல்லை. புழு யாரையும் கொல்லவில்லை. ஆனால் மருந்து பெற்றவை குட்டி போடும் வாய்ப்பு கூடியது. முந்தைய அக்டோபரில் புழு எவ்வளவு இருந்ததோ அந்த அளவுக்குக் குட்டி குறைந்தது. அந்தப் புழுவின் அளவோ, இரண்டு ஆண்டு முன்னால் மான்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதைப் பொறுத்தது. அதாவது மான் பெருகினால் புழு பெருகுகிறது, புழு பெருகினால் குட்டி குறைகிறது, மான் மறுபடி குறைகிறது. ஒரு பிணம்கூட விழாமல் ஒரு புழு ஒரு கூட்டத்தின் அளவையே பிடித்து வைத்திருக்கிறது!

செத்த மான்களைத் தேடி அலைந்திருந்தால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது. பிறக்காத குட்டியை யார் எண்ண முடியும்? ஒப்பிட்டுப் பார்க்க மருந்து பெற்ற மான்கள் இருந்ததால்தான் தெரிந்தது.

இதே யோசனையை வட இங்கிலாந்தில் சிவப்புக் கிரௌஸ் பறவைகளிடம் ஹட்சன், டாப்சன், நியூபோர்ன் மூவரும் செய்து 1998இல் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திடுதிப்பென்று சரியும் கூட்டங்கள் அவை. புழு மருந்து கொடுத்த இடங்களில் அந்தச் சரிவின் ஆழம் குறைந்தது.

அன்புமலர்

வணக்கம். இந்தத் துறை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, விலங்குகள் மேல் பாசம் மட்டும்தான். வடதிசை அண்ணா சொன்னதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது: மருந்து கொடுத்தால் குட்டி அதிகம் பிறக்கிறது என்றால், கொடுப்பது நல்லதுதானே? உணவில் கலந்து வைக்கலாமே? வலியோடு இருக்கிற விலங்கைப் பார்த்துக்கொண்டு எண்ணிக்கை மட்டும் எடுப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மருதன்_கால்நடை

அம்மா, உங்கள் கஷ்டம் எனக்கும் உண்டு. பண்ணை ஆட்டுக்குத் தயங்காமல் மருந்து கொடுப்பேன். காட்டில் ஏன் தயங்குகிறேன் என்று சொல்கிறேன்.

உணவில் கலந்து வைத்தால் யார் எவ்வளவு தின்றார்கள் என்று தெரியாது. வலிய மான் மூன்று பங்கு தின்னும், நலிந்தது ஒதுங்கி நிற்கும். அரைகுறை அளவு உள்ளே போனால் மருந்துக்கு மசியாத புழுக்கள்தான் மிஞ்சிப் பெருகும். ஆடு மாடுகளில் இதைப் பல பத்தாண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தீனி வைத்த இடத்தில் மான்கள் கூடிக் கூடி நிற்பதால் தரையில் முட்டையும் இளம்புழுவும் குவியும், குறைக்க நினைத்தது கூடும். ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணத்தோடு வெளியே வந்து, சாண வண்டுகளின் குஞ்சுப் புழுக்களைக் கொல்லும். அப்புறம் ஸ்வால்பார்டு கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். புழு பிடித்து வைத்திருந்த கூட்டம் பெருகினால், அடுத்த கடுங்குளிரில் அத்தனை வாய்க்கும் தீனி எங்கே?

ஆனால் கொடுத்தே தீர வேண்டிய நேரமும் உண்டு. 2016இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் அப்படி ஒன்று நடந்தது. அங்கு வாழும் கீ மான், வெண்வால் மானின் மிகச் சிறிய துணையினம், உலகத்தில் வேறெங்கும் இல்லை. அவற்றின் காயங்களில் திருகுப்புழு ஈ முட்டையிட ஆரம்பித்தது. இதன் புழுக்கள் உயிருள்ள சதையையே தின்னும். இனச்சேர்க்கைக் காலம் என்பதால் ஆண் மான்கள் கொம்பால் முட்டிக்கொண்டு உடம்பெல்லாம் காயத்தோடு இருந்தன. 135 மான்கள் இறந்துபோயின. அப்போது டோராமெக்டின் மருந்தை ரொட்டித் துண்டில் வைத்து மான்களுக்கு ஊட்டினார்கள். கூடவே மலட்டு ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டார்கள். இந்தப் பெண் ஈ வாழ்நாளில் ஒருமுறைதான் இணையும். மலட்டு ஈயோடு இணைந்துவிட்டால் அதன் கதை முடிந்தது. 2017 மார்ச்சில் ஒழித்தாகிவிட்டது என்று அறிவித்தார்கள்.

அங்கே வந்தது வெளியிலிருந்து நுழைந்த ஒட்டுண்ணி, இனமோ சிறியது, முடிவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. இளவேனிலின் 1200 முட்டையில் இவற்றில் ஒன்றும் இல்லை.

கொம்புமான்

இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. நல்ல ஒட்டுண்ணி தனக்கு இடம் தரும் ஓம்புயிரைக் கொல்லாது. கொன்றால் அதற்கும் வீடு போச்சு. காலப்போக்கில் இரண்டும் சமாதானமாகிவிடும். இயற்கை பார்த்துக்கொள்ளும்.

வடதிசை

கொம்புமான், இது பலரும் நம்புகிற ஒன்று, பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியை மூஸ் மான்களைக் கேட்டால் தெரியும்.

குளிர்கால உண்ணி வட அமெரிக்காவுக்குப் புதிதாக வந்ததல்ல. இலையுதிர்காலத்தில் அதன் குஞ்சுகள் செடி நுனிகளில் ஒன்றோடொன்று கால் கோத்துக்கொண்டு கொத்தாகக் காத்திருக்கும். ஒரு மூஸ் உரசிப் போனால் கொத்து முழுதும் ஏறிவிடும். அப்புறம் இறங்குவதே இல்லை. குஞ்சு, இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என்று மூன்று பருவமும் அதே உடம்பில்தான். மார்ச், ஏப்ரலில் பெண் உண்ணிகள் வயிறு முட்ட ரத்தம் குடிக்கும். மூஸ் கன்றின் கொழுப்பெல்லாம் கரைந்து, புதுத் தழையும் முளைக்காத மாதங்கள் அவை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலும் மெய்னிலும் 2014 முதல் 2016 வரை கன்றுகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். சராசரியாக 70 விழுக்காடு கன்றுகள் இறந்தன. இறந்த கன்று ஒன்றின் மேல் சராசரியாக ஏறக்குறைய 47,000 உண்ணிகள். அரிப்பு தாங்காமல் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து முடி உடைந்து வெளுத்துப் போன மூஸ்களை அந்த ஊர்க்காரர்கள் பேய் மூஸ் என்றே அழைக்கிறார்கள். வெண்வால் மானுக்கும் இதே உண்ணிதான், ஆனால் அது ஓயாமல் உடம்பை நக்கிக் கோதிச் சுத்தம் செய்யும். மூஸ் அரிப்பு வந்த பிறகுதான் கோத ஆரம்பிக்கும், அதற்குள் காலம் கடந்துவிடும்.

அந்த உண்ணி ஏன் கொல்லத் தயங்கவில்லை? வசந்தத்தில் அது எப்படியும் மூஸை விட்டுக் கீழே விழப் போகிறது. அதற்குப் பிறகு கன்று பிழைத்தாலும் செத்தாலும் உண்ணிக்கு நட்டமில்லை. சமாதானம் வருமா வராதா என்பதை, அந்த ஒட்டுண்ணி எப்படி அடுத்த உடம்புக்குப் போகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இதில் தட்பவெப்பமும் சேர்கிறது. பனி தாமதமாக வந்தால் குஞ்சுகளுக்கு மூஸ் மேல் ஏறக் கூடுதல் நாள் கிடைக்கிறது. வசந்தத்தில் பனி சீக்கிரம் உருகினால், விழுந்த உண்ணிகள் பனியில் விறைத்துச் சாகாமல் முட்டையிடுகின்றன.

மருதன்_கால்நடை

வடதிசை மூஸைப் பற்றிப் பேசியதால் நானும் ஒன்று சேர்க்கிறேன். இந்தத் தலைப்பில் எனக்கு மிக நெருக்கமான கதை இது.

1960களுக்கு முன்பே பல பத்தாண்டுகளாக ஒரு விசித்திர நோயால் மூஸ்கள் பாதிக்கப்பட்டன. பின்கால் இழுக்கும், தலை ஒரு பக்கம் சாயும், வட்டமடித்து நடக்கும், மனிதரைக் கண்டும் பயப்படாமல் நிற்கும். குளிர்கால உண்ணியால் வருகிறது என்றுகூட ஒரு கட்டத்தில் சொன்னார்கள். 1960களின் தொடக்கத்தில் கனடாவின் ராய் ஆண்டர்சன், வெண்வால் மானிடமிருந்து எடுத்த ஒரு புழுவின் இளம்புழுக்களை மூஸ் கன்றுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே நோய் வந்தது. 1964இல் அதை வெளியிட்டார்.

புழுவின் பெயர் பாரெலாஃபோஸ்ட்ராங்கைலஸ் டெனுயிஸ். மூளைப்புழு என்றே சொல்லலாம். தலைமுடி போல மெலிதாக, சில சென்டிமீட்டர் நீளத்தில், வெண்வால் மானின் மூளையை மூடிய சவ்வுகளுக்கிடையே வாழும். மானுக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது. முட்டைகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய்ப் பொரிக்கும். இளம்புழு இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, கடைசியில் புழுக்கையின் மேல் படிந்த வழவழப்பான சளிப்படலத்தில் வெளியே வரும். அதன் மேல் நத்தை ஊர்ந்தால் நத்தையின் பாதத்தைத் துளைத்து ஏறிக்கொள்ளும். மூன்று நான்கு வாரம் அங்கே வளரும். தழையோடு சேர்த்து அந்த நத்தையை மான் தெரியாமல் மென்றுவிட்டால், இரைப்பையைத் துளைத்து, தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறும். மறுபடி முதலிலிருந்து.

அதே நத்தையை மூஸ் தின்றால், புழு தண்டுவடத்தையும் மூளைத் திசுவையும் துளைத்துக்கொண்டு திரிகிறது. ஒரு சில புழுக்களே போதும், விலங்கு விழுந்துவிடும். மூஸின் புழுக்கையில் இளம்புழு வெளிவருவதும் அபூர்வம்.

இளவேனில், உங்கள் கேள்விக்கு இது நேரடியாகப் பொருந்தும். புழுக்கையில் இந்த இளம்புழு நிறைய இருக்கும் விலங்கு நன்றாக இருக்கிறது. செத்துக்கொண்டிருக்கும் விலங்கின் புழுக்கை சுத்தம்.

கொம்புமான்

ஏற்றுக்கொள்கிறேன். உண்ணி கீழே விழும் விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. அப்படியென்றால் மான்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது எவ்வளவு ஆபத்து!

வடதிசை

ஆபத்துதான், அதற்குப் பழைய சான்றும் உண்டு. அமெரிக்கப் பெரிய ஈரல் புழு முதன்முதலில் அறிவியலில் பதிவானது அமெரிக்காவில் அல்ல, இத்தாலியில்! டூரின் அருகே ஓர் அரச வேட்டைப் பூங்காவுக்கு வட அமெரிக்காவிலிருந்து எல்க் மான்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கிருந்த மான்கள் சாக, 1875இல் பாஸி என்பவர் அந்தப் புழுவை விவரித்தார். வெண்வால் மானின் ஈரல் அதைச் சுற்றி ஒரு பை கட்டி, முட்டை பித்த நாளத்துக்குப் போக வழியும் விட்டுவிடுகிறது. மாட்டின் ஈரல் தடித்த சுவர் எழுப்பி வழியை அடைத்துவிடுகிறது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் அந்தப் பையே கட்டத் தெரியாது. புழு ஈரலைக் குடைந்துகொண்டே போய்க் கொன்றுவிடும்.

நுண்கண்

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதத் தோன்றுகிறது. தேடாத இடத்தில் கிடைத்த ஒன்று. வாஷிங்டனில் உள்ள தேசிய விலங்குக் காட்சிச்சாலையில் பறவை மலேரியாவுக்காகக் கொசுக்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கொசுவில் எந்தப் பறவை மலேரியாவோடும் பொருந்தாத மரபணு கிடைத்தது. தொடர்ந்து போனால் அது வெண்வால் மானின் மலேரியா! எல்லன் மார்ட்டின்சன் குழு 2016இல் வெளியிட்டது. 1967இல் டெக்சாஸில் ஒரே ஒரு மானில் பார்த்ததோடு அது மறந்து போயிருந்தது. தேடிப் பார்த்தால் சில இடங்களில் நான்கில் ஒரு மான் வரை அதைச் சுமக்கிறது. ரத்தத்தில் அவ்வளவு குறைவாக இருப்பதால் நுண்ணோக்கியில் அகப்படவில்லை. சுழியம் என்ற எண்ணை நான் அதற்குப் பிறகு நம்புவதில்லை.

சிற்றோடை

யெல்லோஸ்டோன் ஓநாய்களைப் பற்றிப் படித்தேன். டாக்சோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி தொற்றிய ஓநாய் கூட்டத்தின் தலைவனாக 46 மடங்கு வாய்ப்பு என்று. இது உண்மையா?

வடதிசை

அந்த ஆய்வு 2022இல் வந்தது. 26 ஆண்டு தரவு, 229 ஓநாய்கள். தலைமைக்கு வரும் வாய்ப்பு 46 மடங்கு, கூட்டத்தை விட்டுப் பிரிந்து போகும் வாய்ப்பு 11 மடங்கு. அந்த ஒட்டுண்ணியைப் பரப்பும் கூகர் பூனைகள் நெருக்கமாக வாழும் பகுதியில் திரியும் ஓநாய்களுக்குத் தொற்று அதிகம். எண்கள் சரி. ஆனால் நீங்கள் தொடக்கத்தில் கேட்டீர்களே, எது முதலில் என்று, அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள். தொற்றியதால் துணிந்ததா, துணிந்த ஓநாய் கூகர் பகுதிக்குள் நுழைந்ததால் தொற்றியதா? தொற்றினால் எலிகளும் கழுதைப்புலிக் குட்டிகளும் துணிவது பற்றி வேறு ஆய்வுகள் இருப்பதால் முதலாவதற்குச் சாய்கிறார்கள். எனக்கும் அந்தச் சாய்வு உண்டு. ஆனால் ஸ்வால்பார்டு மான்களைப் பற்றிப் பேசும் உறுதியோடு இதைப் பேச மாட்டேன்.

அன்புமலர்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மருந்து கொடுக்கச் சொன்னதை இப்போது சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டுண்ணிகளையும் காப்பாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் படித்தேன். அது எப்படி?

நுண்கண்

தவறே இல்லை அக்கா. கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகள் 1982இல் 22 மட்டும்தான் மிஞ்சியிருந்தன. காப்பாற்றிப் பெருக்குவதற்காகப் பிடித்து, பேன் மருந்து போட்டார்கள். காண்டோர் பிழைத்தது. அதன் மேல் மட்டுமே வாழ்ந்த ஒரு பேன் இனம் அதோடு அழிந்தது. அந்தப் பேன் கழுகுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று இனி யாரும் ஆராய முடியாது. எனக்கு அது ஒரு இழப்பாகத்தான் படுகிறது.

இளவேனில்

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சுழியம் வந்த மூன்று மாதிரிகளின் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே நாளில் எடுத்தவை. அன்று வண்டி பழுதாகி, பைகள் இரண்டு நாள் வெயில் படும் இடத்தில் கிடந்திருக்கின்றன. முட்டைகள் பொரித்துப் போயிருக்கும், மிதக்க எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த மூன்றையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். இனி காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, எடுத்த உடனே குளிர்பெட்டி.

நேற்று விடியலில், ஒரு மான் எழுந்து போன இடத்தில் ஈரம் காயாத புழுக்கை கிடைத்தது. மருதன் அண்ணா சொன்னபடி புனலில் தொங்கவிட்டேன். இன்று காலை கீழ்க்குழாயிலிருந்து இரண்டு சொட்டு எடுத்துப் பார்த்தால், முப்பது நாற்பது இளம்புழுக்கள் அரிவாள் போல் வளைந்து நெளிந்துகொண்டிருந்தன. வால் நுனிக்குச் சற்று முன்னால், முதுகுப்பக்கம், ஒரு சின்ன முள். அதே மாதிரியை உப்புக் கரைசலில் போட்டபோது ஒரு முட்டைகூட மிதக்கவில்லை.

இது மூளைப்புழுவா?

மருதன்_கால்நடை

அருமை! ஆனால் அவசரப்படாதீர்கள். முதுகு முள் உள்ள இளம்புழு அந்தக் குடும்பத்தில் பல இனங்களுக்கு உண்டு. நுரையீரலில் வாழ்வது, தசையில் வாழ்வது, மூளையில் வாழ்வது எல்லாம் இந்தப் பருவத்தில் ஒரே அச்சு. கண்ணால் பிரிக்க முடியாது, மரபணு வரிசை பார்த்தால்தான் தெரியும். தரையிலிருந்து எடுத்ததால் மண்ணில் வாழும் புழுக்களும் கலந்திருக்கலாம், அவற்றுக்கு இந்த முள் இருக்காது. முள் உள்ளவற்றை மட்டும் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்து எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டாம், மரபணுவைக் கெடுத்துவிடும். அந்த இடத்தில் நத்தைகளும் கிடைத்தால் எடுத்து வையுங்கள்.

இளவேனில்

பன்னிரண்டு இளம்புழுக்கள் தனித்தனிக் குழாயில், எத்தனாலில். நாளும் இடமும் எழுதி ஒட்டியாயிற்று. நாளை விடியலில் நத்தை தேடப் போகிறேன்.